ஸ்டேஷனில் வைத்து மிரட்டினால் பையன் திருந்துவானா?

"டாக்டர், தெரிந்த இன்ஸ்பெக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடுவான்." திருட்டு, அடிதடி என்று பதினைந்து வயதுப் பையனை மனநல மருத்துவரான என்னிடம் கூட்டிவரும் அப்பாக்கள் இதைக் கேட்காத வாரமே இல்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்த மிரட்டல் வைத்தியத்தை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், தடம் மாறும் சிறுவர்களை ராவே சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தி மிரட்ட வைத்தார்கள். ஏகப்பட்ட பாராட்டு. பின்னால் இப்படிப்பட்ட திட்டங்களை ஆராய்ந்தபோது, சிறையைப் பார்த்து வந்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகமாகத்தான் குற்றம் செய்திருந்தார்கள். பயம் ஒரு வாரம் நிற்கும். அப்புறம் "நான் ஸ்டேஷனையே பார்த்தவன்டா" என்று நண்பர்களிடம் பெருமையடிப்பான். அடி வாங்கியே வளர்ந்தவனுக்கு இன்னொரு அடி புதிதாக என்ன சொல்லித்தரும்? போலீஸ்காரருக்கும் அவனைத் தொட அதிகாரம் கிடையாது.

மிரட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவது சகஜம். தூக்கம் கெடும், சாப்பாட்டுத் தட்டு பறக்கும், பள்ளிக்கு மட்டம் போடுவான். கற்றல் குறைபாடு, வீட்டில் நடக்கும் குடிச்சண்டை, போதை மாத்திரை எல்லாம் பெற்றோரை வெளியே அனுப்பிய பிறகுதான் வாயில் வரும். (எல்லாத் திருட்டும் நோய் என்று சொல்லவில்லை. பரிசோதிக்காமலே "திமிர்" என்று முடிவு கட்டாதீர்கள் என்கிறேன்.)

தலைமை ஆசிரியர்களே, டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியில் இருந்தவரை பகலில் எங்கே இருக்கிறான் என்றாவது தெரிந்தது.

வழக்காகிவிட்டதா? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது ஆகாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனோடு மனநலப் பரிசோதனையும் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். சிகிச்சையில் இருப்பவன் என்றால் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், விசாரணைக் காலத்தில் சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் மாத்திரை விட்டுப்போகக் கூடாது.

கையைக் கீறிக்கொள்கிறான், சாகப்போகிறேன் என்கிறானா? அன்றைக்கே கூட்டி வாருங்கள், தயவுசெய்து. நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. குழந்தைகள் உதவிக்கு 1098.

அக்கம்பக்கத்தாருக்கு: பிடிபட்ட சிறுவனின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.