சிறிய காருக்கு டயர் மாற்றும்போது எந்த அளவுக்குச் சட்டத்தில் இடமுண்டு?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தக் காருக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சாகியிருக்கும். புது டயர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு குறித்துக்கொண்டு போகாதீர்கள். பழைய கார் வாங்கியவராக இருந்தால், முந்தைய உரிமையாளரே அளவை மாற்றியிருக்கலாம்.

என் மாமா அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. அவருடையது ஸ்விஃப்ட் காரின் தொடக்க நிலை வகை. நிறுவனம் கொடுத்த அளவு 165/80 ஆர்14 (இந்த எண்களின் பொருளைக் கீழே சொல்கிறேன்). சேலத்தில் ஒரு டயர் கடைக்காரர், "அண்ணா, அகலமான டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும், சாலையில் பிடிப்பும் கூடும்" என்று சொல்லி, 15 அங்குல ரிம்மும் 205/65 டயரும் மாட்டி அனுப்பிவிட்டார். சேலத்துக்குள், ஐந்து ரோடு சந்திப்பிலும் கொண்டலாம்பட்டி பைபாஸிலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்து பேராக ஏற்காடு கிளம்பிய அன்று, கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோதுதான் முன்சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தோம். சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை டயர் உரசித் தின்றிருந்தது. வண்டியில் பாரம் ஏறி, ஸ்பிரிங் அமுங்கி, சக்கரமும் கடைசிவரை திரும்பினால்தான் அந்த உரசல் வரும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. ஏற்காடு பாதையில் அப்படி 20 வளைவுகள் இருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கும் மாறுபாடு வரும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பைத் தாண்டி மாற்ற இடமில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. இந்தத் தண்டனை உரிமையாளருக்கு உரியது. கடைக்காரர் சொல்லித்தான் மாட்டினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் நேரத்தில் தகராறாகவும் மாறக்கூடும்.

அப்படியானால் ஸ்டிக்கரில் உள்ள அளவைத் தவிர வேறெதையும் தொடவே கூடாதா? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எந்தக் காருக்கு எந்த டயர் என்ற பட்டியல் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஒரே மாடலின் வெவ்வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளரே வெவ்வேறு அளவு கொடுப்பதுண்டு. மாமாவின் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே தலைமுறை ஸ்விஃப்டின் மேல் வகைக்கு 185/65 ஆர்15 டயர் வந்தது. என் கருத்தில், கீழ் வகைக்காரர் போகக்கூடிய எல்லை அதுதான். அந்த அளவு அந்த மாடலுக்கு உரியது என்று காட்ட உரிமையாளர் கையேடு இருக்கிறது. அதற்கு மேல் போக நினைப்பவர் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் பதில் வாங்கட்டும், பதிவு எண் டிஎன் 30 என்றால் சேலம் மேற்கு, டிஎன் 54 என்றால் சேலம் கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்கட்டும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

கணக்கு எளிது, ஒரு தாளில் போட்டுவிடலாம். 165/80 ஆர்14 என்பதில் 165 டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ஆர் என்பது ரேடியல் என்ற டயர் கட்டமைப்பு வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், மில்லிமீட்டரில் 355.6. மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்களைக் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 619.6 மி.மீ. இதே கணக்கில் 185/65 ஆர்15 டயருக்கு 621.5 வருகிறது. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மாமாவுக்கு மாட்டிவிட்ட 205/65 ஆர்15 டயருக்கோ 647.5. கிட்டத்தட்ட 28 மி.மீ. கூடுதல், 4.5 சதவீதம். முழு உயரம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது டயர் தொழிலில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனாலும் நல்ல அளவுகோல்.

உயரம் கூடினால் என்ன ஆகும்? ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. முன்பு முள் 80 காட்டியபோது ஓடிய வேகத்தைவிட இப்போது மணிக்குச் சுமார் 3.6 கி.மீ. கூடுதலாக ஓடுவீர்கள், முள் அதே 80-இல் நிற்கும். மலைக்கு வேறு கேடும் உண்டு. பெரிய சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாகத் திணறும். இரண்டாம் கியரில் ஏறிய மேட்டுக்கு முதல் கியர் கேட்கும். இறக்கத்தில் கியர் தரும் தடுப்பு குறைந்து, கால் பிரேக்கிலேயே இருக்கும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை அப்படி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். குடும்பத்தோடு போகிற பாதை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அளவுக்குப் பக்கத்தில் 85டி (85T) என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்பது சுமை எண், ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்று பொருள்; டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை ஏற்றது. விலை குறைவு என்று, நிறுவனம் குறித்ததைவிடச் சிறிய எண்ணுள்ள டயரை வாங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் போடும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்சக்கரங்களில் வந்து விழுகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதி டயரின் நிலையைப் பற்றியது. உள்ளிருக்கும் நூல் அடுக்கு வெளியே தெரியும்படி தேய்ந்த அல்லது வெட்டுப்பட்ட டயரும், எங்காவது புடைத்துக்கொண்ட டயரும் சாலைக்குத் தகுதியற்றவை. கார் டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமானால் மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஏற்காடு போகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பேன். லாரித் தொழில் செழித்த சங்ககிரிப் பக்கம், தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பழகிப்போன ஒன்று. அது லாரிக்குச் சரி, சிறிய காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். காருக்கான தரநிலை எண் ஐஎஸ் 15633. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் ஆண்டும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். புது டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அளவு, சுமை எண், ஒவ்வொரு டயரின் வரிசை எண் எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையில் தீராத தகராறுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

மாமாவின் பழைய பில்லில் "டயர் 4" என்று மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த அளவு விற்றார்கள் என்று நிரூபிக்க வழியில்லாமல் போனது. அதே 15 அங்குல ரிம்மில் இப்போது 185/65 டயர் ஓடுகிறது. நான்கு வரிசை எண்களும் எழுதிய புதிய பில், பதிவுச் சான்றோடு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.