டவுன்டைம்: இயங்கா நேரம்

இணையத்தளமோ இயந்திரமோ தேடி வருபவருக்குப் பயன்படாமல் நிற்கும் நேரம் டவுன்டைம். தொழிற்சாலையில் பழுதாலோ பராமரிப்புக்காகவோ இயந்திரம் நின்ற நேரத்தைக் குறித்த ஆங்கிலக் கூட்டுச்சொல் இது. பிறகு கணினிக்கும் வந்தது.

தமிழில் பலரும் 'செயலிழப்பு நேரம்' என்று எழுதுகிறார்கள். பழுதுக்கு அது சரி. முன்கூட்டியே அறிவித்து நாமே நிறுத்தும்போது எதுவும் செயலிழப்பதில்லையே! 'இயங்கா நேரம்' என்றால் இரண்டும் அடங்கும். இதற்கு எதிரான, இயங்கும் நேரத்தைக் குறிக்கும் அப்டைமுக்கு 'இயங்கு நேரம்' என்ற இணையும் கிடைக்கும். அறிவித்து நிறுத்துவதைப் 'பராமரிப்பு நிறுத்தம்' என்று தனியே சொல்லலாம்.

99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதி தரும் தளம் ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம்தான். மென்பொருளை மேம்படுத்தும்போது இந்த அனுமதி நேரத்தைக் கரைப்பது பெரும்பாலும், புதியது சரிவராதபோது பழைய நிலைக்குத் திரும்பும் வேலை. 120 நிமிடப் பராமரிப்பு நிறுத்தத்தில் திரும்ப 40 நிமிடமும் சரிபார்க்க 10 நிமிடமும் ஆகுமென்றால், தொடர்வதா திரும்புவதா என்பதை 70ஆவது நிமிடத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த 40 நிமிடத்தை ஊகிக்கக் கூடாது. உண்மைத் தரவின் அளவே உள்ள நகலில் ஓட்டி அளக்க வேண்டும்.

தரவுத்தளத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையின் பல வடிவங்கள் அட்டவணைக்கு முழுப் பூட்டு கேட்கும்; அது இருக்கும்வரை வேறு யாரும் அதை வாசிக்கவோ எழுதவோ முடியாது. நீண்ட வினவல் ஒன்று ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை காத்து நிற்கும். அதன் பின்னால் வரும் சாதாரண வாசிப்புகளும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். ஒரு நொடி மாற்றம் தளத்தையே முடக்குவது இப்படித்தான். பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் 'லாக் டைம்அவுட்' மதிப்பை 2 நொடி போலச் சிறிதாக வைத்து, பூட்டு கிடைக்காவிட்டால் விலகி மறுபடி முயல்வது நல்லது.

போஸ்ட்கிரெஸின் பதிப்பையே மாற்றும் 'பிஜி அப்கிரேட்' கருவியின் லிங்க் முறை, கோப்புகளைப் படியெடுக்காமல் பழையவற்றையே புதிய பதிப்புடன் பகிர்வதால் வேகமாக முடியும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதை அப்படியே இயக்க முடியாது. காப்புநகலிலிருந்து மீட்க வேண்டியிருக்கும். டெராபைட் கணக்கில் தரவு இருந்தால் அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தையும் திரும்பும் நேரத்தில் சேர்க்க வேண்டும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா, அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் புதிய பதிப்பை வழக்கமாகச் செவ்வாயன்று சோதனைத் தளங்களிலும், புதனன்று விக்சனரி போன்றவற்றிலும், வியாழனன்று பெரும்பாலான விக்கிப்பீடியாக்களிலும் ஏற்றுகிறது. பிழை இருந்தால் குறைவான பேரைத் தொடும்போதே பிடிபடும். தரவு மையத்தை மாற்றும்போது சில நிமிடம் தொகுக்க முடியாது, வாசிக்கலாம். இப்படிப் பாதி இயங்கும் நேரத்தைச் சேவைவாரியாகக் கணக்கிடுவதே முறை. கடைத்தளத்தில் பொருளைப் பார்க்க முடிந்து 10 நிமிடம் பணம் செலுத்த முடியாவிட்டால், பணம் செலுத்தும் சேவையின் இயங்கா நேரம் 10 நிமிடம் என்று பதிய வேண்டும்.