எல்எஸ்எம் கடிதம் வந்தால் கவலைப்பட வேண்டாம்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சில பெற்றோருக்குப் பள்ளி ஒரு செய்தி அனுப்பும். உங்கள் பிள்ளைக்குக் கணிதத்தில் கூடுதல் உதவி தேவை, எல்எஸ்எம் வகுப்பில் சேர்க்கிறோம் என்று அதில் இருக்கும். என் அக்கா மகனுக்கு அது வந்தபோது அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை மக்கு என்று முத்திரை குத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி இல்லவே இல்லை.

எல்எஸ்எம் என்பது கல்வி அமைச்சின் கணிதக் கற்றல் ஆதரவுத் திட்டம். ஆண்டுத் தொடக்கத்தில், எண்ணுவது, ஒப்பிடுவது போன்ற அடிப்படைத் திறன்கள் பிள்ளையிடம் எவ்வளவு இருக்கின்றன என்று பள்ளி சோதித்துப் பார்க்கும். பின்தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் சிறு குழுவாகப் பாடம் நடத்துவார். தனிக் கட்டணம் கிடையாது.

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் தேர்வுகள் இல்லை. பிஞ்சு வயதில் அந்தச் சுமை இல்லாதது நல்லதுதான். ஆனால் பிள்ளை தடுமாறுவதை மதிப்பெண்ணைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ளவும் முடியாது. அதனால் ஆசிரியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மூன்றாம் நிலைக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

வகுப்பில் விளையாட்டு நிறைய இருக்கும். பத்துக் கட்டம் போட்ட அட்டையில் ஏழு வில்லைகளை வைத்து, ‘பத்தாக இன்னும் எத்தனை?’ என்று கேட்பார்கள். பகடை உருட்டிக் கூட்டுவார்கள், சீட்டுகளை ஜோடி சேர்ப்பார்கள். நேரம் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். முதலில் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண் என்பது சிங்கப்பூர்க் கணிதப் பாடத்தின் அடிப்படை. கையால் தொட்டு நகர்த்திய பிள்ளைக்குத்தான் 7 + 3 என்று எழுதும்போது பொருள் புரியும்.

இங்கே தமிழ் பேசும் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்ற சொற்களில் பத்து ஒளிந்திருக்கிறது. ‘பதினொன்று’, ‘இருபத்து மூன்று’ என்று சொன்னால் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. (தொண்ணூறு மட்டும் கொஞ்சம் வம்பு செய்யும்!) பாட்டியிடம் பல்லாங்குழி இருந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குழிகளில் சோழியை எண்ணிப் போடுவதும் கணிதப் பயிற்சிதான்.

எடுசேவ் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். தொடக்கப்பள்ளியில் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 230 வெள்ளி போடுகிறது. அது பள்ளி நடத்தும் செறிவூட்டல் நிகழ்ச்சிகளுக்கு. எல்எஸ்எம் வகுப்புக்கு அதிலிருந்து எதுவும் எடுக்க மாட்டார்கள்; வெளி டியூஷனுக்கும் அதைப் பயன்படுத்த முடியாது. குறைந்த கட்டணத்தில் துணைப்பாடம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ‘ஸ்டெப்’ வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது, ‘எப்போது வகுப்பிலிருந்து வெளியே வருவான்?’ என்று கேட்பதைவிட, ‘இந்த வாரம் என்ன விளையாடினீர்கள்?’ என்று கேளுங்கள். அதே விளையாட்டை அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் வீட்டிலும் விளையாடலாம்.