தூண் துல்லியம், முகம் கலங்கல்: மங்கிய வெளிச்சத் திருமணங்களுக்கு டெலி லென்ஸ்

திருமணப் படம் எடுக்கத் தொடங்கிய புதிதில் என்னிடம் ஒரு 70–300 மி.மீ. ஜூம், அதாவது தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ், இருந்தது. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்ற மணப்பெண்ணின் அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடத்தின் கடைசியிலிருந்து 300 வரை இழுத்து எடுத்தேன். கேமரா திரையில் பிரமாதமாக இருந்தது. இரவு கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், தூணில் இருந்த விரிசல் வரை துல்லியம். அவர் கையும் முகமும் கலங்கல். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப் 5.6, ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200.

லென்ஸில் இருந்த ஸ்டெபிலைசேஷன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. என் கை நடுக்கத்தை அது தாங்கிக்கொண்டது. அவர் கை அசைந்ததை அது என்ன செய்யும்? நான்கு ஸ்டாப், ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் இரு மடங்கு வித்தியாசம்) என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் தூணுக்குத்தான் பொருந்தும். திருமணத்தில் நாம் எடுப்பது மனிதர்களை. பேசும் முகத்துக்கு 1/200, நடந்து வருகிறவர்களுக்கு 1/250, ஆட்டத்துக்கு 1/500 என்று நான் வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே போனால் பத்தில் நாலு படம் தேறும்; அந்த நாலில் முக்கியமானது இருக்காது.

அன்று என் கையில் எஃப் 2.8 லென்ஸ் இருந்திருந்தால்? 5.6க்கும் 2.8க்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். அதே ஐஎஸ்ஓவில் 1/60 என்பது ஏறக்குறைய 1/250 ஆகியிருக்கும். டெலி லென்ஸ் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ‘எவ்வளவு தூரம் இழுக்கும்’ என்றுதான் கேட்கிறார்கள். இருட்டில் முதலில் கேட்க வேண்டியது, முழுக்க இழுத்த பிறகு அபெர்ச்சர் எவ்வளவு மிஞ்சும் என்பதை. எஃப் 4–5.6 என்று எழுதியிருந்தால், அந்த 4 அகல முனையில் மட்டும் கிடைப்பது.

ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். இப்போதைய ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா பாடிகளில் 12800கூடப் பயன்படுத்தக்கூடியதுதான், நாய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) குறைக்க நல்ல மென்பொருள்களும் இருக்கின்றன. நானும் ஏற்றுகிறேன். ஆனால் ஆட்டோஃபோகஸுக்கும் வெளிச்சம் வேண்டும். கேனான் ஈஓஎஸ் ஆர் கேமரா மைனஸ் 6 ஈவி (வெளிச்ச அளவு; மைனஸ் கூடக் கூட இருட்டு) இருட்டிலும் ஃபோகஸ் பிடிக்கும் என்று அறிவித்தார்கள். அடிக்குறிப்பைப் படித்தால் அது எஃப் 1.2 லென்ஸ் மாட்டி அளந்தது. உங்கள் 5.6 ஜூமில் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். முன்னும் பின்னும் தேடித் தேடி அது பிடிப்பதற்குள் கண்ணீர் காய்ந்துவிடும்.

சரி, எத்தனை மி.மீட்டர்? கடைக்குப் போகும் முன், கடைசியாக எடுத்த மூன்று திருமணங்களை லைட்ரூம் மென்பொருளில் திறந்து, ஃபோகல் லெங்த் (அந்த மி.மீட்டர் எண்) வாரியாக வடிகட்டுங்கள். குப்பையில் போட்டதை விட்டுவிட்டு, வீட்டாரிடம் கொடுத்த படங்களை மட்டும் எண்ணுங்கள். நான் எண்ணியபோது 200க்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 85க்கும் 135க்கும் பக்கத்தில்தான் குவிந்து கிடந்தன. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். மேடைக்கு அருகே போக விடாத இடங்களில் எடுப்பவருக்கு 200 நிச்சயம் வேண்டும்.

இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் 70–200 எஃப் 2.8. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. எடையை மட்டும் மனதில் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் காலத்து கேனானின் இரண்டாம் பதிப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சோனியின் இரண்டாம் தலைமுறை 1,045 கிராம்தான். காலை முதல் இரவு வரை தோளில் கிடக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். எட்டாவது மணி நேரத்தில் கை தளர்ந்தால் படமும் தளரும்.

இரண்டு பாடி வைத்திருப்பவருக்கு என் ஓட்டு 135 எஃப் 1.8க்கு. 2.8ஐவிட ஒரு ஸ்டாப்புக்கும் சற்று அதிகமாக வெளிச்சம் தரும். இன்னொரு பாடியில் 35 போட்டுக்கொண்டால் பாதி நாள் ஓடிவிடும். புதிதாக வருகிறவருக்கு 85 எஃப் 1.8. எடை, விலை இரண்டும் குறைவு. க்ராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் மாட்டினால் ஏறக்குறைய 130இன் பார்வைக் கோணம் கிடைக்கும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி இன்னும் இழுக்கும் டெலிகன்வெர்ட்டர் வேண்டாம்: 1.4 மடங்கு ஒரு ஸ்டாப்பையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கும்.

அபெர்ச்சரை முழுக்கத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மீட்டர் தூரத்தில் 135, எஃப் 1.8 என்றால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் மொத்தமே ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். 200, எஃப் 2.8, ஐந்து மீட்டர் என்றால் பத்து. மணமகன் அரையடி பின்னால் நின்றால் அவர் கண் போச்சு. ஒருவர் முகம் என்றால் திறந்து எடுங்கள். இருவர் என்றால் இருவரும் ஒரே தூரத்தில் வரும்படி நீங்கள் இரண்டடி நகருங்கள். முடியாவிட்டால் எஃப் 4க்கு மூடி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். வேகமான (அகலத் திறக்கும்) லென்ஸ் வாங்கியவர்கள் முதல் மாதம் கெடுப்பது இதில்தான். நானும் கெடுத்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை, எல்இடி விளக்கு. அபெர்ச்சர் கிடைத்த சந்தோஷத்தில் ஷட்டரை 1/800க்கு ஏற்றினால் படத்தில் வரி வரியாகக் கறுப்புப் பட்டை விழலாம், எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, கேமராவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸைக் காப்பாற்ற மாட்டிய மலிவு ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். விளக்கு ஃப்ரேமுக்குள் இருந்தால் அது படத்தின் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பொட்டை வைக்கும். முன்பாதுகாப்புக்கு, லென்ஸ் முனையில் மாட்டும் ஹுட் போதும்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா? பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு முன், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து விளக்கை அணைத்த அறையில் வீட்டில் யாரையாவது நடக்கவிட்டு முழு அபெர்ச்சரில் 1/250இல் இருபது படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எத்தனை படத்தில் இமை முடி தெரிகிறது என்று எண்ணுங்கள். பதினைந்துக்குக் குறைந்தால் அந்த லென்ஸ் உங்கள் பாடிக்கு வேண்டாம்.