அந்த ட்யூப் ஏன் இன்னும் தீரவில்லை?

"டாக்டர், நீங்க எழுதிக் குடுத்த சன்ஸ்கிரீனை ஆறு மாசமா விடாமப் போடுறேன். மங்கு கொஞ்சம்கூடக் குறையல."

எதிரே இருந்தவர் பள்ளி ஆசிரியை. கன்னத்திலும் மேலுதட்டிலும் கரும்படலமாக மங்கு. தினமும் டூவீலரில் போய் வருபவர். கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தார். அமுக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது.

"இது எத்தனாவது ட்யூப்மா?"

"அதேதான் டாக்டர். சிக்கனமா வச்சிருக்கேன்."

அந்தச் சிக்கனத்தில்தான் வைத்தியம் நின்றுபோயிருந்தது. ட்யூபின் மேல் எஸ்.பி.எஃப். 50 என்று வெயில் தடுக்கும் திறனைப் போட்டிருக்கிறதே, அந்த எண்ணை ஆய்வகத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்க்கிறார்கள். நாம் பூசுவதோ பெரும்பாலும் அதில் கால் பங்கு, மிஞ்சினால் பாதி. பூச்சு மெலிந்தால் எண்ணும் சேர்ந்து சரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். அப்படிப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு முறை என்றாலும் 50 கிராம் ட்யூப் ஒரு மாதத்தைத் தாண்டாது. மிளகு அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிடுகிறவர்களுக்குத்தான் அது ஆறு மாதம் வரும்.

எஸ்.பி.எஃப். பற்றி இன்னொரு கணக்கும் உலவுகிறது. 50 என்றால் 30-ஐவிட அதிக நேரம் தாங்குமாம். அந்த எண்ணுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சரியான அளவில் பூசினால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் தோலைச் சிவக்கவைக்கும் வகையான யு.வி.பி.யில் 30 ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 ஏறக்குறைய 98 சதவீதத்தையும் தடுக்கும், அவ்வளவுதான். எந்த எண்ணாக இருந்தாலும் வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடவேண்டும். வியர்வை கொட்டும் சித்திரை மாதத்தில் அதற்கும் முன்னதாகவே.

"நான் ஏற்கெனவே கறுப்பு, எனக்கெதுக்கு இது?" இதை வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நம் தோலில் உள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமி வெயிலுக்கு நல்ல தடுப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992-இல் 1,621 பேரை வைத்துத் தொடங்கிய ஓர் ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அது வெள்ளைத் தோல்காரர்களின் கவலை. அந்தப் பயத்தை அப்படியே இறக்குமதி செய்து நம்மூரில் சன்ஸ்கிரீன் விற்பது எனக்குப் பிடிப்பதில்லை. நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். மெலனினைத் தயாரிக்கும் அதே செல்கள் நம் தோலில் சட்டென்று சீண்டப்படும். மங்கும், பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளியும் அப்படி வருபவைதான். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு சன்ஸ்கிரீன் மருந்துக்குச் சமம், விட்டுவிடவே கூடாது.

மங்கு உள்ளவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புற ஊதாவின் இன்னொரு வகையான யு.வி.ஏ. கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும். அமெரிக்காவில் 28 வருடம் டெலிவரி வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கிக் கிடந்தது. நம்மூரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஓட்டுநர்களுக்கு வலக் கன்னத்தையும் வலக் கையையும் பார்க்கச் சொல்வேன். யு.வி.ஏ. தடுப்புக்கு ட்யூபில் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் எத்தனை என்று பாருங்கள். இதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மங்கைக் கறுக்கவைக்கும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட டிண்டட் சன்ஸ்கிரீன் வேண்டும். ஆசிரியைக்கு நான் முதலிலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து இரவிலும் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. காசுதான் நஷ்டம். ஆனால் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டதும் சிவந்து எரியும். அந்த எரிச்சலோடு சன்ஸ்கிரீன் போட்டால் அதுவும் எரியும். "எனக்கு சன்ஸ்கிரீன் ஒத்துக்கல டாக்டர்" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, வேறு என்ன பூசுகிறீர்கள் என்பதைத்தான். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாறு பட்ட இடம் வெயிலோடு சேர்ந்து வெந்து, கோடு கோடாகக் கறுத்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்களே, அதைவிட நல்ல வெயில் தடுப்பை நான் எழுதிக் கொடுத்துவிட முடியாது. மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய் ட்யூப்புக்குச் செலவழிக்க முடியாதவரிடம் குடையும் துப்பட்டாவும் போதும் என்றே சொல்கிறேன். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் க்ரீம் வேண்டாம், நிழல் போதும்.

ஆசிரியை மூன்று மாதம் கழித்து வந்தார். மூன்றாவது ட்யூப் முடியப்போகிறதாம். கன்னத்து மங்கு பாதியளவு வெளுத்திருந்தது, மேலுதட்டில் அப்படியே இருந்தது. "இந்த டிண்ட் கலர் வெள்ளைச் சேலை முந்தானையில ஒட்டுது டாக்டர், துவைச்சாலும் போக மாட்டேங்குது" என்றார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.