மண் அணைக் கசிவைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள்

மறுபடியும் அதே கேள்வி. குடிநீருக்காகக் கட்டிய மண் அணையின் கீழ்ப்பக்க (நீர் தேங்காத பக்க) அடிவாரத்தில் தண்ணீர் கசிகிறதாம், சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா? வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

மண் அணை கசியத்தான் செய்யும். நடுவில் எவ்வளவு நல்ல களிமண்ணைப் போட்டு எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் கசியும். களிமண் கசிவைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. வெளியேறும் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது; உள்ளே அழுத்தம் ஏறி, சரிவு ஊறி, வேறு பலவீனமான இடத்தில் பீறிடும்.

மண்ணை நிறுத்திவிட்டு நீரை மட்டும் வெளியே விடத்தான் களிமண்ணுக்கும் கீழ்ப்பக்கப் பாறை நிரப்புக்கும் நடுவே வடிகட்டி மணல் போடுகிறோம். வரைபடத்தில் அது மெல்லிய கோடாகத் தெரிவதாலோ என்னவோ, செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். கிடைத்த மணலையெல்லாம் கொட்டாதீர்கள். 0.075 மில்லிமீட்டரைவிட நுண்ணிய தூள் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலில் நீர் சரியாக வடியாது. சல்லடைச் சோதனை செய்யுங்கள், போட்டு இறுக்கிய பிறகும் செய்யுங்கள். லாரி டயரோடு வரும் சேறே போதும், கெடுக்க.

அமெரிக்காவின் ஐடஹோவில் சுமார் 93 மீட்டர் உயர டீட்டன் அணை, முதல்முறை நீர் நிரப்பும்போதே 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. விரிசல் விட்ட பாறையை ஒட்டி எளிதில் அரிபடும் வண்டல் மண். அதைக் காக்கச் சரியான வடிகட்டி இல்லை. காலையில் கலங்கல் நீர் தெரிந்தது, நண்பகலுக்குள் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். கட்டியவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் அல்ல.

வெள்ளம் மேலே வழிந்தால் மண் அணை நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். மதகுக் குழாயை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். பெரிய ரோலர் அங்கே போகாது. சிறு கருவிகளால் மெல்லிய அடுக்குகளாக இறுக்குங்கள். அணையின் கீழ்ப்பக்கத்தில் குழாயைச் சுற்றியும் வடிகட்டி மணல் வேண்டும்.

கட்டி முடித்துவிட்டீர்களா, சரி. சரிவில் மரம் வளர விடாதீர்கள். கசிவை ஓரிடத்தில் சேர்த்து அளந்து, அன்றைய நீர்மட்டத்தோடு எழுதி வையுங்கள். நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ நீர் கலங்கினாலோ காத்திருக்க வேண்டாம்: மதகைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள், கீழே வசிப்பவர்களை எச்சரியுங்கள், அணைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் எதையாவது செய்யக் கை அரித்தால், பாதுகாப்பாக நெருங்க முடிகிற சிறு ஊற்றின் மேல் முதலில் மணல், அப்புறம் ஜல்லி. சிமெண்ட் மூட்டை குடோனிலேயே இருக்கட்டும்.