தராசில் ஏறாத கோள்கள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் வானியல் பேசிவிட்டு இறங்கும்போதெல்லாம் ஒருவராவது கைப்பேசியை நீட்டுகிறார். "சூரியன் இல்லாமலே திரிகிற கோள்கள் 540 கண்டுபிடித்துவிட்டார்களாமே, சார்? அதில் ஒன்று நம்மேல் வந்து இடிக்காதா?" இடிக்காது. செய்தியில் வந்தவை 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால், விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் ஒண்முகிலில் இருக்கின்றன. என் கவலை அந்த 540 என்ற எண்ணைப் பற்றியது.

2023 அக்டோபரில் வானியலாளர்கள் சாமுவேல் பியர்சனும் மார்க் மெக்காக்ரியனும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களிலிருந்து அந்தப் பட்டியலைத் தந்தார்கள். 'கோள்நிறை கொண்டிருக்கக்கூடியவை' என்றுதான் எழுதியிருந்தார்கள். செய்தியாகும்போது 'கூடியவை' உதிர்ந்துபோயிற்று.

இவற்றில் எதையும் யாரும் எடைபோட்டதில்லை. வியாழன் கோளைப்போல் 13 மடங்கு நிறைக்குக் கீழே இருந்தால், எளிதில் பற்றும் கன ஹைட்ரஜனான டியூட்டிரியம்கூட உள்ளே எரியாது. பிறந்தபோது சுருங்கியதில் கிடைத்த சூடு மட்டுமே கையிருப்பு. அதைச் செலவழித்தபடியே ஆண்டுக்கு ஆண்டு மங்கும். இளம் விண்மீன் கொத்துகளில் இவற்றைத் தேடுவதற்கு அதுதான் காரணம்: அங்கே இன்னும் ஆறவில்லை. ஆகவே பிரகாசத்தை அளந்து, கொத்தின் வயதை வைத்து, நிறையைக் கணக்கிடுகிறோம். வயதைக் கொஞ்சம் மாற்றினால் நிறையும் மாறிவிடும். 2021இல் நூரியா மிரே-ரோய்க் குழுவினர் மேல் விருச்சிகம், ஓபியூக்கஸ் பகுதியில் இத்தகைய பொருட்கள் 70 முதல் 170 வரை என்று சொன்னார்கள். அலட்சியத்தால் வந்த இடைவெளி அல்ல அது. வயது 30 லட்சம் ஆண்டு என்று வைத்தால் ஒரு கணக்கு, ஒரு கோடி என்று வைத்தால் வேறு கணக்கு. அதே புள்ளிகள்தான், 'கோள்' என்ற பெயர் மட்டும் சிலவற்றுக்குக் கிடைக்கிறது, சிலவற்றுக்குப் பறிபோகிறது.

இன்னொரு ஏமாற்று தூசியால் வருகிறது. எனக்கு அன்றாட வேலை நிறமாலை பார்ப்பது, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எதில் எவ்வளவு பிரகாசம் என்று கோடாக வரைந்து பார்ப்பது. பல ஆண்டுகளுக்கு முன் மங்கலான, மிகச் சிவந்த ஒரு புள்ளியைக் கண்டு குதித்தேன். நிறமாலை எடுத்துப் பார்த்தால் கோடு வழவழப்பாக ஏறிக்கொண்டே போயிற்று, எங்கும் பள்ளமே இல்லை. மேகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சாதாரண விண்மீன். தூசி அதைச் சிவக்க வைத்திருந்தது, அவ்வளவுதான். உண்மையான இளம் பொருளாக இருந்தால் 1.4, 1.9 மைக்ரான் அலைநீளங்களின் அருகே அதன் வளிமண்டல நீராவி இரண்டு ஆழமான பள்ளங்களைத் தோண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே 1.7 மைக்ரானை ஒட்டி ஒரு கூரான முக்கோணம் எழுந்து நிற்கும். வயதானவற்றில் அந்த முனை மழுங்கிவிடும்; இளமையில் உடல் உப்பியிருப்பதால் ஈர்ப்பு குறைவு, அதனால்தான் அந்தக் கூர்மை. அந்த முக்கோணத்தைப் பார்க்காமல் நான் யாருக்கும் கோள் பட்டம் கொடுப்பதில்லை.

ஓரியன் பட்டியலில் பரபரப்பைக் கிளப்பியவை ஒன்றையொன்று சுற்றும் 40 இரட்டைகள். 2024இல் வானியலாளர் கெவின் லூமன் அதே படங்களை மறுபடி அளந்து, அவற்றில் பெரும்பாலானவை தூசிக்குப் பின்னாலுள்ள பின்புலப் பொருட்களாகத்தான் தெரிகின்றன என்றார். முதல் செய்தி வந்த வேகத்தில் இது வாசகரிடம் போய்ச் சேரவில்லை.

பட்டியல் சிறியதாக இருந்தாலும் நிறமாலையோடு வந்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. 2024இல் பெர்சியஸ் விண்மீன் கூட்டத்திலுள்ள என்ஜிசி 1333 என்ற இளம் கொத்தில் கிடைத்தவை ஆறுதான். நிறை வியாழனைப்போல் 5 முதல் 10 மடங்கு. ஒன்றைச் சுற்றித் தூசித் தட்டும் இருக்கிறது.

தட்டு இருந்தால் தீனியும் உண்டு. கமீலியன் விண்மீன் கூட்டத்தில், சுமார் 620 ஒளியாண்டு தூரத்தில், சா 1107-7626 என்று இத்தகைய பொருள் ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அது நொடிக்கு சுமார் 600 கோடி டன் வாயுவையும் தூசியையும் விழுங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்பிருந்ததைப்போல் எட்டு மடங்கு. விண்மீன் குழந்தைகள் செய்கிற வேலை இது. இதற்கும் நிறை 5 முதல் 10 வியாழன் என்றே எழுதுகிறோம்.